திறப்பு விழா முடிந்தது, திறப்பு எங்கே?

எங்கள் வாவிக்கரைப் படகுத்துறைக்குப் பொறுப்பான ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து எழுதுகிறேன். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு ஒருநாள் முழுக்கப் புளியந்தீவையும் வாவியையும் சுற்றிக் காட்டுவது என் தொழில். எந்தப் படகுத்துறை, எந்த மலசலகூடம் என்று நான் விளக்கத் தேவையில்லை. நாடா வெட்டியது நீங்கள்தான், கல்வெட்டில் இருப்பதும் உங்கள் பெயர்கள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அதன் பூட்டைத் திறக்கிற திறப்பு யாரிடம் இருக்கிறது?

கட்டடம் நல்ல கட்டடம், அதில் குறை சொல்ல மாட்டேன். மாபிள் பதித்திருக்கிறது. கதவுகளில் ஆண் படம், பெண் படம் ஒட்டியிருக்கிறது. கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. இரண்டு கதவிலும் ஆமைப்பூட்டும் இருக்கிறது. திறப்பு விழா அன்று பின்னேரம் போட்ட பூட்டு. அதற்குப் பிறகு அது திறந்திருந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். கனடாவில் இருந்து ஒரு தாயும் மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். தாய்க்கு எழுபது தாண்டியிருக்கும், சீனி வருத்தம். பிறந்தது இங்கேதான். நாற்பது வருடத்துக்குப் பிறகு ஊரைப் பார்க்க வந்தவர். காலை ஆறரைக்குக் காந்திப் பூங்காவில் தொடங்கினோம். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய கரையைக் காட்டி, அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். “எங்கட அண்ணன் அங்கதான் படிச்சவர்” என்றார் அந்த அம்மா. அப்புறம் கோட்டை. அதற்குள் நானும் அவரும் வழிகாட்டியும் விருந்தாளியும் இல்லை. அவர் ஒரு தெருவைச் சொல்ல, அந்தத் தெருவில் இப்போது என்ன இருக்கிறது என்று நான் சொல்ல, பேத்தி இரண்டு பேரையும் படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

படகில் ஏறியபோது வெயில் ஏறிவிட்டது. பாலத்தால் வந்து போகிறவர்களுக்குப் புளியந்தீவு ஒரு தீவு என்பதே தெரிவதில்லை, படகில் சுற்றினால்தான் தெரியும். தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்ணாக் காட்டோரமாகப் போய், வேர்களுக்குள் இறால் குஞ்சு வளர்கிற கதையைச் சொல்லிக்கொண்டே, “தண்ணீர் குடியுங்கள் அம்மா, வெயில் கூட” என்று நான்தான் அவருக்குப் போத்தலை நீட்டினேன். ஒரு முறை இல்லை, மூன்று நான்கு முறை.

பத்தரைக்குத் துறைக்குத் திரும்பினோம். பூட்டு. பக்கத்துக் கடையில் கேட்டோம், தங்கள் மலசலகூடத்துக்குள் சாமான் அடுக்கியிருக்கிறது என்றார்கள். அடுத்த கடையில் ஆட்களே இல்லை. ஓட்டோ பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த மாமி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேரப் பிந்திவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

மாமி தன்னுடைய சீலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உடுத்துக்கொண்டு வெளியே வந்த அம்மா என் கையைப் பிடித்து, “நான் தண்ணி குடிச்சிருக்கக் கூடாது மகள்” என்றார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அன்றைக்கு மாமி கூனிச் சுண்டலும் நண்டுக் கறியும் புளியாணமும் வைத்திருந்தார். நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்த சாப்பாடு என்று அந்த அம்மா காலையில்தான் சொல்லியிருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். இரவு கல்லடிப் பாலத்தடிக்கு மீன் பாடுவதைக் கேட்கப் போவதாக இருந்தோம். வரவில்லை.

அவருக்கு ஒருநாள். எனக்கு, படகு ஓடுகிற ஒவ்வொரு நாளும். விடிய ஐந்து மணிக்கு அரைக் கோப்பை பிளேன்ரீ, அதற்குப் பிறகு மத்தியானம் மாமி வீடு வரும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். இந்த வருடம் இரண்டு முறை சலக்கடுப்பு வந்து மருந்து எடுத்தேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று டொக்டர் சொன்னார். சரி என்றேன். படகோட்டும் அண்ணன்மாருக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அவர்களுக்குக் கண்ணாக் காடு இருக்கிறது. அதையும் யாராவது பூட்டினால்தான் இந்த விஷயம் கூட்டத்தில் எடுபடும் போல.

திறப்பைத் தேடி நான் அலையாமல் இல்லை. முதல் கந்தோரில் அது தங்களுக்கு வராது என்றார்கள். இரண்டாவது கந்தோரில், கட்டியது மட்டும்தான் தாங்கள், ஒப்படைத்துவிட்டோம் என்றார்கள். யாரிடம் என்று கேட்டேன். முதல் கந்தோரைச் சொன்னார்கள். கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள், தந்தேன். பதிலுக்கு வந்தது ஒரு பயிற்சிப் பட்டறைக்கான அழைப்பு. இரண்டு நாள், குளிரூட்டிய மண்டபத்தில், விருந்தினரை எப்படி முகம் மலர்ந்து வரவேற்பது என்று சொல்லித் தந்தார்கள். பயனுள்ள பயிற்சிதான். அந்த மண்டபத்தில் மலசலகூடம் இருந்தது, திறந்தும் இருந்தது.

கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருந்து பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவருகிற சிலர் கோட்டையில் இருபது நிமிடம் நிற்கிறார்கள். இது ஒல்லாந்தர் கட்டியது என்று ஒரே போடு போட்டுவிட்டுப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். 1628இல் கட்டியது போர்த்துக்கேயர், 1638இல் பிடித்ததுதான் ஒல்லாந்தர். எங்கள் வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு இருக்கிறது, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இருக்கிறது. இரவில் வாவிக்குள் இருந்து கேட்கிற பாட்டைப் பாடுவது மீனா, ஊரிச் சங்கா என்று இன்னும் சண்டை பிடிக்கிறோம். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் இருபது நிமிடத்தில் எப்படிச் சொல்வது? ஒருநாள் முழுக்க நிற்பாட்டினால்தான் ஊருக்குள் நாலு காசு நிற்கும்: படகுக்கு, மாமிக்கு, ஓட்டோவுக்கு. ஆனால் ஒருநாள் நிற்கிற மனிதருக்கு ஒருநாளில் ஒரு தடவையாவது மலசலகூடம் தேவைப்படும். உங்கள் விளம்பரத் தாளில் சூரிய உதயம் அழகாக வந்திருக்கிறது. சூரியனுக்கு இந்தத் தேவை இல்லை.

மன்னிக்கவும். நான் சண்டைக்கு எழுதவில்லை, கேட்பதற்குத்தான் எழுதுகிறேன்.

புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். கட்டியதைத் திறந்துவிடுங்கள், அது போதும். காவலுக்கு ஆள் இல்லை என்றால் திறப்பை எங்களிடம் தாருங்கள். கழுவுவதை நாங்கள் முறை வைத்துச் செய்கிறோம். வாளியும் கோப்பையும் நாங்களே வாங்கி வைக்கிறோம், தண்ணீர்க் காசுக்கு வருகிறவர்களிடம் சிறு தொகை வாங்கிக் கணக்குக் காட்டுகிறோம். எங்களில் நம்பிக்கை இல்லை என்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் காலை ஏழு மணிக்குக் கடை திறப்பார்.

வருகிற சனிக்கிழமை ஆறு பேர் வருகிறார்கள், நான்கு பேர் பெண்கள். பத்தரைக்குத் துறைக்குத் திரும்புவோம். அதற்குள் தயவுசெய்து திறப்பைத் தாருங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாவியில் வழிகாட்டும் ஒருத்தி