பேயை விடுங்கள், கூரையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழக எல்லையை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் பழைய தனியார் மனநல மருத்துவமனையை இடிக்க ஏலம் விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ராத்திரியில் சுவரேறிக் குதித்து ரீல்ஸ் எடுக்கும் பையன்கள் புண்ணியத்தில் ஊரெல்லாம் பேய்க்கதைதான். இடிப்பு வேலை பார்க்கும் எங்களுக்கு அங்கே பயம் கூரையைப் பார்த்துத்தான்.

பின்கட்டு வார்டுகளின் மேலே கிடப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் ஷீட். பொக்லைன் ஒரு தட்டுத் தட்டினால் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். மூச்சில் போனது நுரையீரலிலேயே தங்கிவிடும். நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருஷம் ஆகலாம்; அதற்குள் யார் எந்தக் கட்டடத்தை இடித்தார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஷீட்டை முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் (கொக்கி போல்ட்) துருப்பிடித்துக் கழலாது என்று ஷீட்டை உடைக்கக் கூடாது. போல்ட்டைக் கட்டரால் நறுக்க வேண்டும். கிரைண்டர் வேண்டாம், அது ஷீட்டில் பட்டாலே தூசிதான். முழுசாக இறக்கி, கனத்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே ‘கல்நார்’ என்று எழுத வேண்டும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. நல்ல ஷீட் என்று மாட்டுக்கொட்டகைக்குக் கேட்டு வருவார்கள், கொடுக்கக் கூடாது. போக வேண்டிய இடம் கொச்சி அம்பலமேட்டிலுள்ள அபாயக் கழிவு நிலையம்.

முன்கட்டு ஓட்டுக் கூரை. சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடி கனம், பன்னிரண்டு அடி உயரம். ஓடு, அதைத் தாங்கும் பட்டியல் கட்டை, கைமரம், உத்தரம் என்று கட்டியதற்கு நேர்மாறான வரிசையில் இறக்க வேண்டும். நீள வராந்தாச் சுவருக்குக் குறுக்குச் சுவர் குறைவு. கூரைதான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. தேக்குக்கு ஆசைப்பட்டு மரத்தை மொத்தமாக உருவிவிட்டுச் சுவரை மழையில் நிற்கவிட்டால், ஊறிய காரை இளகி எந்தப் பக்கமும் சாயும். அறை அறையாகக் கூரையைப் பிரித்து, அந்தந்தச் சுவரை மேலிருந்து வரி வரியாக இறக்குவதே சரி. அடியில் தோண்டிச் சாய்ப்பது கொலைக்குச் சமம். இப்படிப்பட்ட சுவர் பத்து மீட்டர் நீளம் ஏறக்குறைய 30 டன். ஒரு நாளில் 20 டன்னைத் தாண்டினாலே கழிவைத் தரம் பிரித்து, உள்ளாட்சியிடம் முன்கூட்டியே திட்ட ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2016-இல் வந்த இடிபாட்டுக் கழிவு விதிகள் சொல்லின; இப்போதைய விதியை உள்ளாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சுவரே அந்த 20 டன்னைத் தாண்டிவிடும்.

இதையெல்லாம்விட அவசரம், ஆபீஸ் அறையில் கறையான் தின்றதுபோக மிஞ்சியிருக்கும் நோயாளிப் பதிவேடுகள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து விட்டார்கள்; சிலரைத் திரும்ப அழைத்துப் போக யாரும் வரவில்லை. பாகப்பிரிவினைக்கோ இறப்புச் சான்றுக்கோ அந்தக் குடும்பங்களுக்கு இது ஒன்றுதான் அத்தாட்சியாக இருக்கும். ஆக்ரிக்காரர் (பழைய பேப்பர், இரும்பு வாங்குபவர்) தராசில் ஏறிவிட்டால் போச்சு. அமெரிக்காவின் டான்வர்ஸ் மனநல மருத்துவமனை 1992-இல் மூடப்பட்டு, 2006-இல் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அங்கே கல்லறைகளில் இருந்தது வெறும் எண்தான். முன்னாள் நோயாளிகள் சேர்ந்து பழைய ஆவணங்களைத் துருவித்தான் பெயர்களை மீட்டார்கள். ஈரப் பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். வெயிலில் போடாமல், நிழலில் ஃபேன் காற்றில் ஆறவிட்டு அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடுவதும் கூடாது. நோயாளி விவரத்தின் ரகசியத்தை 2017 மனநலச் சட்டம் காக்கிறது. கலெக்டர் இவற்றைக் கையிலெடுத்து, மாநில மனநல ஆணையத்தையும் எறணாகுளம் வட்டார ஆவணக் காப்பகத்தையும் கலந்து முடிவு செய்யட்டும்.

தனியறைச் சுவர்களில் பதித்த இரும்பு வளையங்களையும் எடைக்குப் போடாமல், ஆட்களைக் கட்டிவைத்ததற்குச் சாட்சியாகக் கல்லோடு பெயர்த்து வைக்கலாம். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் 28 பேர் மாண்டது சங்கிலியில் கட்டிக் கிடந்ததால்தான்.

புதருக்குள் மூடாத கிணறும் செப்டிக் டேங்கும் இருக்கின்றன. மிஷின் வருமுன் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். இடிமண்ணை வயலில் கொட்டினால் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஏல நிபந்தனையில் எழுதாத எதையும் ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார், அதற்கான காசு அவர் கணக்கில் இருக்காது. எழுதிச் சேர்த்து, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் வேலையை முடிக்கப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கட்டட இடிப்புத் தொழிலாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.