ரசீதுப் புத்தகத்தோடு அதிகாரமும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்துச் சிறு தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் நன்கொடை திரட்டும் பணியாளரிடம் இருப்பது ஒரு ரசீதுப் புத்தகமும் மாத இலக்கும்தான். சமையற்கட்டில் என்ன செலவாகிறது, அறங்காவலர் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதெல்லாம் அவர் காதுக்கு எட்டுவதே இல்லை. ஆனால் கொடுப்பவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உள்ளே எது சரியில்லை என்பது முதலில் தெரிவதும் அவருக்குத்தான். அதைத் திருத்தும் பொறுப்பையும் அவரிடமே தர வேண்டும் என்று வலியுறுத்தவே இந்தக் கடிதம்.

இதற்கு இப்போது அவசரம் உண்டு. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபின், வெளிநாட்டுப் பணத்தைப் பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றுவந்த கிராமத்து அமைப்புகளுக்கு அந்த வாய்க்கால் அடைபட்டுப் போனது. உள்ளூரில் 'வரிச்சலுகை உண்டு' என்று சொல்லிக் கேட்பதும் முன்போல எடுபடவில்லை. 2023-24 முதல், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்காதவருக்குப் புதிய வருமானவரி முறைதான் இயல்பாகப் பொருந்துகிறது. அதில் தனிநபருக்கு, நன்கொடைக்காக வரிக்குரிய வருமானத்தில் கிடைக்கும் 80ஜி கழிவு கிடையாது. மிஞ்சியிருப்பது கொடுப்பவரின் நம்பிக்கை ஒன்றுதான்.

ரசீதையே எடுத்துக்கொள்வோம். பழைய வரிமுறையில் இருப்பவர் கழிவு பெற வேண்டுமானால், நிறுவனம் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடை விவரத்தை 10பிடி படிவத்தில் வருமானவரித் துறைக்கு அளித்து, அவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். மே மாதத்தில் தலையில் கைவைத்து உட்காருவதற்குக் காரணம், முந்தைய ஆண்டு ஏதோ ஒரு வாசலில் நின்றபடி அவசரமாக எழுதிய நன்கொடையாளரின் பான் எண், அதாவது வருமானவரித் துறை தரும் பத்து இட அடையாள எண். ஆங்கில 'ஓ' எழுத்தும் பூஜ்யமும் கார்பன் நகலில் ஒன்றுபோலவே தெரியும். முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசியில் ஓர் எழுத்து. தனிநபர் என்றால் நான்காம் எழுத்து 'பி' (P). ரசீதில் பத்துக் கட்டம் போட்டு, எண் வர வேண்டிய நான்கு கட்டத்தை மட்டும் நிறம் மாற்றி அச்சடித்தாலே இந்தப் பிழை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை, அரிசியாகவோ துணியாகவோ கொடுத்தாலும் இல்லை என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள். ரசீதை மாற்றி அச்சடிக்கவும், வாரம் ஒருமுறை ரசீதையும் வங்கி வரவையும் கணக்காளரோடு உட்கார்ந்து ஒப்பிடவும் திரட்டுபவருக்கு அதிகாரம் வேண்டும்.

அடுத்தது உணவு நன்கொடை. பல இல்லங்களின் வாசலில் 'ஒருவேளை உணவு' என்று ஒரு தொகை எழுதியிருக்கும். அது எப்படி வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்துக்காட்டாக, 40 பிள்ளைகள் உள்ள இல்லத்தில் மளிகை, காய்கறி, பாலுக்கு மாதம் 70,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 90 வேளைக்கு வகுத்தால் ஒருவேளைக்கு 778. பலகையில் 800 என்று எழுதிவிடுவார்கள். கேஸ் 12,000, சமையல்காரர்கள் சம்பளம் 24,000, மின்சாரமும் தண்ணீரும் 6,000 சேர்த்தால் மாதச் செலவு 1,12,000. ஒருவேளைக்கு 1,244. அதாவது ஒவ்வொரு முறை 'உணவு கொடுத்தாயிற்று' என்று மனநிறைவோடு ஒருவர் திரும்பும்போதும் இல்லத்துக்கு 444 ரூபாய் பற்றாக்குறை. அதை ஈடுகட்ட வேறு நோக்கத்துக்கு வந்த பணத்தில் கை வைக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வந்தது கேஸுக்குப் போகிறது. கணக்கு குழம்புவது இந்த இடத்தில்தான். தொகையை உயர்த்தினால் ஆள் வராது என்று அறங்காவலர்கள் அஞ்சுவார்கள். செலவை வரிவரியாகப் பிரித்துப் பலகையிலேயே எழுதுங்கள். சமையல்காரருக்கும் சம்பளம் உண்டு என்பது கொடுப்பவர்களுக்குப் புரியாத விஷயமா என்ன?

சொல்லச் சங்கடமான ஒன்றும் உண்டு. ஒரே நாளின் மதிய உணவுக்கு மூன்று குடும்பங்களிடம் பணம் வாங்கி, அதே சாம்பார் வாளி, அதே பந்தி, முன்னால் வைக்கும் பெயர் அட்டையை மட்டும் மாற்றி மூன்று படம் எடுத்து அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. பிறந்தநாள் என்றால் அடுத்த வாரத்துக்கு மாற்றித் தரச் சம்மதிப்பார்கள். திதி கொடுப்பவர் அந்த நாளையே கேட்பார். திதியோ ஆண்டுதோறும் வேறு தேதியில் வரும். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதிப் பதிவேட்டைத் திரட்டுபவரே வைத்திருக்க வேண்டும். 'அன்று மூன்று வேளையும் நிரம்பிவிட்டது, மாலைச் சிற்றுண்டி இருக்கிறது' என்று சொல்லவும், அதுவும் இல்லையென்றால் பணத்தை மறுக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். தீபாவளிக்கு இனிப்பு குவிவதும் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்குத் திண்டாடுவதும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். கேட்க வேண்டியதைப் பிப்ரவரியிலேயே கேட்கத் தொடங்கலாம்.

இதையெல்லாம் சுற்றறிக்கை அனுப்பிச் செய்ய முடியாது. முதலில் ரசீது, அதை ஒரு மாதத்தில் முடிக்கலாம். உணவுச் செலவுக் கணக்குக்கு மூன்று மாதமாவது ஆகும், சமையற்கட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் துண்டுச் சீட்டில் இருப்பதால். அதன்பிறகு அறங்காவலர் கூட்டத்தில் திரட்டுபவருக்கு ஓர் இருக்கை. கொடுப்பதை நிறுத்தியவர்கள் யார், ஏன் நிறுத்தினார்கள் என்ற பட்டியலை அவர் அங்கே வாசிக்க வேண்டும். பல இடங்களில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மென்பொருள் வாங்கிவிட்டுப் பிழையான ரசீதுகளை அதில் ஏற்றுகிறார்கள்.

அவருக்குத் திரட்டும் தொகையில் கமிஷன் பேசவே கூடாது. கமிஷன் வாங்குபவர் நிரம்பிய தேதிக்கு வரும் பணத்தை மறுக்க மாட்டார். மாதச் சம்பளம் கொடுங்கள். கூடவே நிறுவனத்தின் பெயரில் ஒரு கைபேசி எண்ணும் கொடுங்கள்; நன்கொடையாளர் எண்களெல்லாம் அவருடைய சொந்த போனில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் ஏழெட்டு ஆண்டுத் தொடர்பும் கூடவே போய்விடும்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவன நிதிப் பணியில் உள்ள வாசகர்கள்,
மதுரை.