காலாண்டு முடிஞ்சது, தண்ணி பாட்டில் பத்திக் கொஞ்சம் பேசணும்

அன்பான அம்மா அப்பாக்களுக்கும், பிள்ளைகளைக் கொண்டாந்து விட்டுட்டுப் போற ஐயா, அப்பத்தா, ஆயாமாருக்கும் வணக்கம்.

காலாண்டுப் பரீட்சை நல்லபடியா முடிஞ்சது, பேப்பர் லீவு முடிஞ்சு வந்ததும் தருவோம். விளையாட்டு, பேச்சுப்போட்டி எல்லாத்துலயும் பசங்க பரிசு வாங்கியிருக்காங்க, சுதந்திர தினம் சிறப்பா நடந்துச்சு, எல்லாருக்கும் வாழ்த்துகள். பத்தாவதுக்கு சாயங்கால கிளாஸ் வழக்கம்போல உண்டு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் நாலாம் வகுப்புல பின் பெஞ்சை நோக்கி ஒரு எறும்புச் சாரை, எங்கடா போகுதுன்னு பாத்தா ஒரு பாட்டில் மூடி, திருகு மரையில எல்லாம் ஆரஞ்சு பவுடர் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. அந்த ஒரு பிள்ளைதானான்னு பாத்தா இல்ல, கிளாஸ்ல பாதிப் பேர் பாட்டில்ல கலர் தண்ணி, டிபன்ல க்ரீம் பிஸ்கட், ஜூஸ் பாக்கெட். ஏம்மான்னு கேட்டா "எண்ணெய்ப் பலகாரம் ஒடம்புக்கு ஆகாதுல்ல சார், அதான்"னு பதில் வருது. சத்துணவு முட்டையில மஞ்சக்கருவ எடுத்துட்டுக் குடுங்க, கொழுப்புன்னு சொல்ற பெற்றோரும் இருக்காங்க. வெள்ளைப் பணியாரம் எண்ணெய்ன்னு நிறுத்திட்டு அந்த இடத்துல சக்கரைய வச்சிருக்கோம், இதுதான் எனக்குக் கவலை.

உங்க பயம் புரியாம இல்ல. ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, சக்கரையில 4தான், கணக்குப் பாத்தா கொழுப்புதான் வில்லன் மாதிரி தெரியும். ஆனா கடலையும் முட்டையும் வயித்துல நின்னு மெதுவா செரிக்கும், ஜூஸ் அப்படி நிக்காது, மூணாவது பீரியட்ல திரும்பப் பசி, எரிச்சல், கவனம் எங்கயோ. சக்கரையில பாதி ஃப்ரக்டோஸ்ங்குற பழச்சக்கரை, அது பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகுது, தேவைக்கு மேல தினம் போனா கல்லீரல் அதைக் கொழுப்பாவே மாத்தி வைக்கும், ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்குற கொழுப்பு ஏறும், ஃபேட்டி லிவர் வரும். கொழுப்பே திங்காத பிள்ளைக்கு ஈரல்ல கொழுப்பு வர்றது இப்படித்தான். பல் சொத்தைய தனியா சொல்லவே வேணாம், ஒண்ணாம் வகுப்பப் போய்ப் பாருங்க.

அதுக்காக நெய்ய டம்ளர்ல ஊத்திக் குடுங்கன்னு சொல்லல. நெய், தேங்காயெண்ணெய் மாதிரி நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும், அளவு வேணும். எல்லாத்துலயும் மோசம் ட்ரான்ஸ் ஃபேட், அதாவது எண்ணெயைக் கட்டியாக்குறப்ப உண்டாகுற கொழுப்பு, வனஸ்பதில அதிகம் இருந்தது அதுதான், 2022ல இருந்து எண்ணெய், வனஸ்பதில எல்லாம் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே வந்தாச்சு. ஆனா நம்ம வீட்டு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேற ரகம், அதுல பெரும்பகுதி நல்ல கொழுப்பு. பணியாரம் தினம் வேணாம், வாரத்துல ஒரு நாள் காரச் சட்னியோட வந்தா யாரும் கெட்டுப் போக மாட்டாங்க.

இந்தக் கொழுப்பு பயம் பெருகுனதுலயும் ஒரு கதை இருக்கு. 1967ல அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருங்க இதய நோய்க்குக் கொழுப்பைக் குறை சொல்லி, சக்கரை மேல சந்தேகத்தைத் தட்டிக் கழிச்சு ஒரு கட்டுரை எழுதுனாங்க, அதுக்கு அமெரிக்க சக்கரை கம்பெனிகளோட சங்கம் காசு குடுத்திருக்குன்னு 2016லதான் வெளிய வந்துச்சு.

அளவு என்னன்னு கேப்பீங்க. 2 வயசுல இருந்து 18 வரைக்கும் சேர்த்த சக்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூனுக்குள்ளன்னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது. மாம்பழ ஜூஸ் பாக்கெட் பல பேர் குடுக்குறீங்க, பின்னாடி திருப்பிப் படிங்க, 100 மில்லிக்கு சக்கரை 12, 13 கிராம்னு போட்டிருக்கும், 200 மில்லி உறிஞ்சுனா அன்னிக்கு கோட்டா முடிஞ்சது. நாட்டுச்சக்கரை, தேன், கருப்பட்டின்னு சமாதானம் சொல்லாதீங்க, ஒடம்பு இதையெல்லாம் ஒரே கணக்குலதான் எழுதும்.

ஆக, லீவு முடிஞ்சு திறக்குற நாள்ல இருந்து பாட்டில்ல வெறும் தண்ணி மட்டும்தான். கலர் தண்ணி இருந்தா கொட்டிட்டு நல்ல தண்ணி பிடிச்சுக் குடுப்போம், ஜூஸ், க்ரீம் பிஸ்கட் வந்தா டீச்சர் வாங்கி வச்சு சாயங்காலம் உங்க கையிலயே தருவாங்க. பொறந்தநாள் சாக்லேட் டப்பா கிளாஸுக்குள்ள வராது, சிங்கப்பூர்ல இருந்து அப்பா அனுப்புனதா இருந்தாலும் சரி. கேட் வாசல் ஐஸ் வண்டியையும் தள்ளிப் போகச் சொல்லியாச்சு, ஸ்கூல் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ள இனிப்பு, உப்பு, கொழுப்பு மிதமிஞ்சுன சரக்கு விக்கக் கூடாதுன்னு 2020லயே விதி இருக்கு. இதுல யாருக்கும் சலுகை கிடையாது, ஃபோன் பண்ணி சண்டை போடவும் வேணாம். இன்சுலின் போடுற பிள்ளைங்க மட்டும் டாக்டர் சொன்ன குளுக்கோஸை வச்சுக்கலாம், ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

கோவத்துல எழுதுனதா எடுத்துக்காதீங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டிபன் கட்டுற கஷ்டம் தெரியும். சுண்டல், அவிச்ச கடலை, முழு முட்டை, கொய்யா, எதுவும் முடியலன்னா ரெண்டு இட்லியில எண்ணெயும் பொடியும் தடவி வச்சாப் போதும். தீபாவளிக்கு வீட்டுல அதிரசம், மாவுருண்டை எல்லாம் சாப்பிடட்டும், பண்டிகை பண்டிகைதான். ஏற்கனவே மாத்திக்கிட்ட வீடுகளுக்கும், மூடிய பிரஷ் போட்டுக் கழுவி அனுப்புற அப்பத்தாமாருக்கும் மனசார நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு: ஆபீஸ் ரூம்ல டிபன் மூடி, ஸ்பூன், ஒத்தை ஷூன்னு ஏகப்பட்டது கெடக்கு, வர்றப்ப பாத்து எடுத்துக்கிட்டுப் போங்க.