பாட்டி வைத்தியம் பிள்ளைகளின் நோட்டில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கைவைத்தியங்களை என்னிடம் போனில் சொல்வாள். ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் தொட்டால் நோய் தீருமாம். தகப்பன் முகமே பார்க்காத பிள்ளை வாயில் ஊதினால் குழந்தையின் வாய்ப்புண் ஆறுமாம். கக்குவான் இருமலுக்குக் குழந்தையைக் கழுதை வயிற்றுக்கு அடியில் விட்டு வாங்குவார்களாம். வைத்தியம் பார்த்தவருக்குக் காசு தரக் கூடாது, நன்றியும் சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் அக்கிக்குக் காவி குழைத்து எழுதும் குயவர் வீட்டுப் பெரியவரும் காசு வாங்க மாட்டார்.

ஆனால் அவர்களுடையது எழுத்தில் இருக்கிறது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகளை, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம். அதில் கைவைத்தியமும் ஒரு தலைப்பு. அந்த நோட்டுகளை இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம். நம் பிள்ளைகளும் அப்படிக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பழசை ஏன் எழுத வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வட அயர்லாந்தில் போஹோ என்ற ஊரில், ஒரு பாதிரியார் கல்லறை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்தால் பல்வலி போகும் என்பது நம்பிக்கை. வேலை முடிந்ததும் மண்ணை அங்கேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும். அந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், மருந்துக்கு அடங்காத சில கிருமிகளையும் தடுக்கும் நுண்ணுயிர் அதில் இருப்பதாக 2018-ல் அறிவித்தார்கள். ஊர் நம்பிக்கை இருந்ததால்தானே அங்கே போய் மண் எடுத்தார்கள்?

எழுதிவைப்பது வேறு, அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது வேறு. அக்கி எழுதினாலும் சரி, மூன்று நாளுக்குள் மாத்திரையும் தொடங்கிவிட வேண்டும். பாம்புக்கடிக்கு மந்திரிக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். இதையும் அதே நோட்டில் பிள்ளைகள் எழுதட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்வி அதிகாரிகள் வரும் அரையாண்டு விடுமுறையிலேயே ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாட்டிகள் கன்னடத்திலோ தெலுங்கிலோ சொன்னால், சொன்னபடியே எழுதட்டும். எந்த இலை, எந்த ஊர், சொன்னவர் வயது என்ன என்பதும் வேண்டும். சித்தேரி மலை, அஞ்செட்டிப் பள்ளிகளில் முதலில் தொடங்கினால் நல்லது. பச்சிலை தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.