பெட்டியில் கிடந்த ரைபிளுக்கு என்ன விலை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 'தாத்தா ரைபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது, என்ன விலைக்குப் போகும்?' என்று எங்கள் துப்பாக்கிக் கடைக்குக் கேட்டு வருகிறவர்கள் கொஞ்ச காலமாகக் கூடியிருக்கிறார்கள். போனிலேயே விலை சொல்லச் சொன்னவர்களுக்கு, 'நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது' என்ற எங்கள் பதில் மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கலாம். நேரில் வந்தவர்களில் சிலருக்கு நாங்கள் சொன்னது அடிமாட்டு விலையாகத் தோன்றியது. எதைப் பார்த்து விலை சொல்கிறோம் என்று விளக்கமாக எழுதிவிடுவது நல்லது என்று இந்த மடல்.

முதலில் ஒரு வேண்டுகோள். விற்கத்தானே போகிறோம் என்று ரைபிளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வராதீர்கள். இருந்தது இருந்தபடி வரட்டும். லேத் பட்டறையில் பஃப் போட்டு வெள்ளிக் கம்பி மாதிரி கொண்டுவந்த துப்பாக்கியைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரிகிறது. பஃப் சக்கரம் துருவை எடுக்கும்போது கம்பெனி முத்திரையையும் சீரியல் நம்பரையும் சேர்த்தே தின்றுவிடும். விலை குறைவது ஒருபுறம் இருக்கட்டும், துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தடை செய்யப்பட்ட காரியம். லைசென்ஸ் இல்லாத பட்டறை அதில் கை வைப்பதே தவறு. நம்பர் படிக்க முடியாத துப்பாக்கியை வாங்குவதில்லை, பத்திரமாக வைத்திருக்கும் டெபாசிட்டுக்கும் எடுப்பதில்லை.

நம் பக்கத்து ரைபிள்கள் பலவற்றுக்கும் ஒரே கதைதான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை நின்றது. வால்பாறை, குன்னூர் எஸ்டேட் பங்களாக்களிலும் பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் இருந்த ரைபிள்கள் பெட்டிக்குள் போயின. லைசென்ஸைப் புதுப்பிப்பதும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலோ கடையிலோ டெபாசிட் செய்து திரும்ப வாங்குவதுமாகவே அவற்றின் காலம் கழிந்துவிட்டது. 'ஐம்பது வருஷமாகச் சுடவே இல்லை சார், புதுசு மாதிரி இருக்கும்' என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். கடைசியாகச் சுட்ட அன்று குழலைக் கழுவினார்களா என்பதுதான் எங்கள் கவலை.

காரணம் இது. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். சமையல் உப்புக்குச் சொந்தக்கார உப்பு அது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். விஷயம் தெரிந்தவர்கள் சுட்ட அன்றே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் இடுவார்கள். தெரியாதவர்கள் உப்பின் மேலேயே எண்ணெயைத் தடவிப் பெட்டியில் வைத்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து ரைபிள்கள் இரண்டில் ஒன்று கண்ணாடியாகவும் மற்றது ஓட்டையாகவும் வருவது இதனால்தான்.

பெரும்பாலானவர்கள் குழலின் வாய்ப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 'உள்ளே பளிச்சென்று இருக்கிறது' என்கிறார்கள். எண்ணெய் பூசிய குழல் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும், குழிகளை எண்ணெய் நிரப்பிவிடும். நாங்கள் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் இரும்புத் தண்டு) கழற்றி, முதலில் குழலைத் துடைத்து உலர்த்துவோம். முதல் துணித் துண்டு செம்மண் நிறத்தில் வந்தால் துரு, கறுப்பாக வந்தால் பழைய வெடிமருந்துக் கரி. செம்பு கரைக்கும் திரவம் போட்டபின் பச்சையும் நீலமுமாக வருவது தோட்டா உறையின் செம்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பிறகு சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பக்கமிருந்து பார்ப்போம். தோட்டாவைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகளின் விளிம்பு கூராக நிற்க, குழல் மட்டும் இருண்டிருந்தால் பெரிய குறை இல்லை, அப்படிப்பட்டவை நேராகச் சுடுவதைப் பார்த்திருக்கிறோம். குழலின் உட்பக்கம் கொத்திய அம்மி போலக் குழிகுழியாக இருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. தோட்டா முடிந்து வரிகள் தொடங்கும் இடத்தைக் கூடுதலாகக் கவனிப்போம். பழைய கார்டைட் என்ற வெடிமருந்து கடுஞ்சூட்டில் எரியும், அதிகம் சுட்ட ரைபிளில் அந்த இடம் அரித்துப் போயிருக்கும். வாய்ப் பக்கத்திலும் ஒரு தேய்மானம் உண்டு. சுத்தம் செய்யும் கயிற்றை ஒரே கோணத்தில் இழுத்து இழுத்து, வாய் ஒரு பக்கம் வழித்தது போல ஆகியிருக்கும். சுத்தத்தில் அக்கறை உள்ள வீடுகளிலிருந்து வரும் ரைபிள்களில்தான் இது அதிகம்.

அடுத்து போல்ட். பாதுகாப்புக்காகப் போல்ட்டைக் கழற்றித் தனியாகப் பீரோவில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்ல வழக்கம்தான். இரண்டு ரைபிள் இருந்த வீட்டில் போல்ட் மாறிப்போவதும் உண்டு. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 (குழல் அளவு, அங்குலத்தில்) ரைபிள், பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைபிள் வழியில் வந்தது. அதில் போல்ட் கைப்பிடியின் அடியில் இருக்கும் எண்ணும் ரிசீவரின் (போல்ட் உட்காரும் இரும்புக் கூடு) எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போல்ட் மாறியிருந்தால், மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி பிசகியிருக்கலாம். அப்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, புகையும் வாயுவும் சுடுபவர் முகத்துக்கே திரும்பும். அந்த இடைவெளியைக் கேஜ் வைத்து அளக்காமல் நாங்கள் விற்பனைக்கு வைப்பதில்லை. நீங்களும் தயவுசெய்து, 'ஒரு ரவுண்டு போட்டுப் பார்க்கலாமே' என்று இறங்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மலையில் மார்கழிக் குளிரில் போல்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அந்த உறைந்த எண்ணெயில் சிக்கி, தோட்டாவைத் தட்டும் ஊசி சோம்பலாக அடிக்கும். வருஷக்கணக்கில் கிடந்தால் பிசினாகிவிடும். இதைப் பிரித்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும், விலையில் நாங்கள் பிடிப்பதில்லை.

தோல் உறை விஷயம் வேறு. உறையில் போட்டுப் பூட்டினால் பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும், மழைக்காலத்தில் ஈரம் குடித்து அதை இரும்போடு அணைத்து வைத்திருக்கும். உறையிலேயே கிடந்த ரைபிளில், தோள்வார் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் வாரின் அகலத்துக்கே குழல் மேல் துருக்கோடு இருக்கும். போல்ட் கைப்பிடியில் யாரோ கடைசியாகத் தொட்ட விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருப்பதும் உண்டு. இவை மேலோட்டமானவை. குழலைத் தாங்கும் முன்கட்டையைக் கழற்றினால் தெரிவதுதான் முக்கியம். மேலே இரும்பின் நீல மெருகு மங்காமல், கட்டைக்குள் மறைந்திருந்த பாதிக் குழல் அரித்துப் போயிருக்கும். அதனால்தான் போட்டோ பார்த்து விலை சொல்ல மாட்டோம் என்கிறோம்.

கட்டையில் கைப்பிடி மெலியும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். டெலஸ்கோப் இருந்தால் லென்ஸில் பூஞ்சை. நீலகிரியிலிருந்து வருபவற்றில் பூஞ்சை இல்லாததைப் பார்ப்பதே அபூர்வம்.

இனி விலை. இங்கேதான் மனக்கசப்பு வருகிறது. ஒரு ரைபிளின் விலையை அதன் அழகை விட, அதற்குத் தோட்டா கிடைக்குமா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கிடைக்காததால் .315 இங்கே பரவியது. அதற்கு இன்றும் உள்நாட்டிலேயே தோட்டா தயாராகிறது. அதனால் அழகில்லாத .315 கூட, குழல் நன்றாக இருந்தால், விலை போகும். மாறாக, வெள்ளைக்கார துரை விட்டுப்போன இரட்டைக்குழல் ரைபிள் ஒன்று .465 அளவில் இருக்கிறது என்று வையுங்கள். (இந்தியாவில் 1907இல் .450 அளவைத் தடை செய்தபோது, அதற்கு மாற்றாக லண்டன் துப்பாக்கிக் கம்பெனி ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த அளவு அது.) வேலைப்பாட்டைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. தோட்டாவுக்கு எங்கே போவது? அதை வாங்குகிறவர் சேகரிப்பாளராக இருக்க வேண்டும், லைசென்ஸிலும் இடம் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் அமையும்வரை அது எங்கள் அலமாரியில்தான் நிற்கும். அதற்கு வெளிநாட்டு ஏல விலையைக் காட்டி எங்களிடம் கேட்பதில் நியாயமில்லை.

வெளிநாட்டு ரைபிளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. தனியார் இறக்குமதி 1980களின் நடுவிலிருந்து அடைபட்டதால், உள்ளே இருப்பதுதான் சரக்கு. இன்னொரு பக்கம், 2019 திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதைக் கழிக்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வந்தார்கள், வாங்குகிறவர்களுக்கோ லைசென்ஸில் இடம் குறைந்தது. சாதாரண ரைபிள்களின் விலை அதில் இறங்கியது, இன்னும் முழுதாக ஏறவில்லை.

விலையைக் கூட்டுவது எது என்றால் காகிதம். முதலில் வாங்கிய கடை பில், கம்பெனி லேபிள் ஒட்டிய பெட்டி, பழைய வேட்டை அனுமதிச் சீட்டு. நீலகிரியில் 1879லேயே வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டதால், சில பெட்டிகளின் அடித்துணிக்குக் கீழே சீட்டுகள் கிடைக்கின்றன. குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். லண்டன் ரிக்பி போன்ற துப்பாக்கிக் கம்பெனிகளின் பழைய பேரேட்டில் சீரியல் நம்பரைத் தேடினால், முதலில் யாருக்கு விற்றார்கள் என்று தெரிய வாய்ப்புண்டு. அப்படி உறுதியானால் மதிப்பு வேறு.

லைசென்ஸ்தாரர் இறந்துபோயிருந்தால், வாரிசுகள் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு விலை விசாரிக்க வேண்டாம். தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ டெபாசிட் செய்து ரசீது வாங்குங்கள், விற்பனை அனுமதி, வாரிசு லைசென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் முதல் நாளே போன் செய்துவிட்டு, அசல் லைசென்ஸோடு வாருங்கள். போல்ட், மேகசின், பழைய உதிரிகள், பெட்டி எல்லாம் சேர்ந்தே வரட்டும். சேம்பர் காலியா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். பழைய தோட்டாக்கள் லைசென்ஸில் ஏறியவையாக இருந்தால் தனி டப்பாவில் கொண்டுவாருங்கள், பச்சை பூத்தவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. பிரித்துப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரமில்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்,
கோயம்புத்தூர்