ராத்திரியில் நாயை வாசலில் கட்டச் சொல்லாதீர்கள்: கோத்தகிரியில் பங்களா வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, கோத்தகிரி, அரவேனு, குன்னூர்ப் பக்கம் வீடு வாங்கிப் போட்டிருக்கும் எல்லாருக்கும் இந்த மடல். உங்களில் சிலரை எனக்கு முகம் தெரியும், சிலருடைய காரை மட்டும்தான் தெரியும். ஆனால் உங்கள் வீட்டு நாய், பூனைகளை எல்லாம் நன்றாகத் தெரியும், அதுகளுக்கும் என்னைத் தெரியும். மே மாதம் கொஞ்ச நாள், கிறிஸ்துமஸ் லீவில் கொஞ்ச நாள் என்று இ-பாஸ் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வருகிறீர்கள், அப்புறம் கீழே இறங்கிவிடுகிறீர்கள். மீதி நாளெல்லாம் அதுகள் எங்களோடுதான் இருக்கின்றன. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. இருட்டின பிறகு நாயை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், நீங்கள் இல்லாத நாட்களில் இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சீசர் என்று ஒரு லேப்ரடார், எங்கள் தெரு முனை வீட்டில் இருக்கிறான். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று குட்டியாக வாங்கினார்களாம், அப்புறம் பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள், அபார்ட்மென்ட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை, இங்கே இடம் பெரிசு, ஓடி விளையாடட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். தப்பில்லை. சீசர் இங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறான். காலையில் பக்கத்துத் தோட்டத்துக்கு இலை பறிக்க வரும் பெண்களோடு கிளம்பிவிடுவான். அவர்கள் தூக்குப்போசியையும் டிபன் டப்பாவையும் ஒரு மரத்தடியில் மொத்தமாக வைத்துவிட்டுச் செடிக்குள் இறங்கினால், இவன் அங்கேயே படுத்துக்கொள்வான். முன்பெல்லாம் குரங்குகள் வந்து டப்பாவைத் திறந்து சோற்றைக் கொட்டிவிட்டுப் போகும், மத்தியானம் இரண்டு பேராவது பட்டினியாக உட்கார்ந்திருப்பார்கள். சீசர் வந்த பிறகு ஒரு குரங்கு அந்த மரத்துக்கிட்டே நெருங்குவதில்லை. கடிக்கவும் மாட்டான், துரத்தவும் மாட்டான், எழுந்து நின்று ஒரு தடவை உடம்பை உதறுவான், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு உருண்டை அவனுக்கு உண்டு. இலை நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான், மேஸ்திரி கணக்கு எழுதி முடிக்கும்வரை அசைய மாட்டான். உங்கள் நாய்தான், ஆனால் அந்தப் பெண்களைக் கேட்டால் "எங்க சீசரு" என்பார்கள்.

ராணி என்று ஒரு பூனை இருந்தாள், மூவர்ணப் பூனை, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, எல்லா வீட்டிலும் பால் குடிப்பாள். மழைக்காலத்தில் யார் வீட்டு வெந்நீர் பாய்லர் சூடாக இருக்கிறதோ அந்த வீட்டில் இருப்பாள், பாய்லருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில் எப்படித்தான் உடம்பை நுழைப்பாளோ தெரியாது. ஒரு வருஷம் பூட்டியிருந்த பங்களாவில் ஜன்னல் கண்ணாடி உடைந்த வழியாக உள்ளே போய், அலமாரியில் மடித்து வைத்திருந்த கம்பளி மேல் குட்டி போட்டுவிட்டாள். சீசனுக்கு வீட்டுக்காரம்மா வந்து அலமாரியைத் திறந்தால் உள்ளே நான்கு குட்டி, கண் திறக்காத நிலையில். வாட்ச்மேன் பயந்து கோணிப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்தம்மா, "அப்படியே இருக்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். வந்திருந்த விருந்தாளிகளுக்குக் கம்பளி பத்தவில்லை, எங்கள் வீட்டிலிருந்தும் இரண்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். லீவு முடிந்து கிளம்பும்போது கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு ராணிக்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்து, செலவுக்குப் பணமும் வைத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை வந்தபோது குட்டிகளில் ஒன்றைக் கோயம்புத்தூருக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். அது இப்போது அங்கே சோபா முழுவதையும் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற போட்டோ அடிக்கடி எனக்கு வரும். இப்படியும் உங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதினால் பலன் இருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது செவலை. நாட்டு நாய், வலது காதில் முக்கோணமாக வெட்டிய அடையாளம் இருக்கும், கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய் என்று அதற்கு அர்த்தம். செவலை குரைப்பதை வைத்தே வெளியே என்ன நிற்கிறது என்று நாங்கள் சொல்லிவிடுவோம். காட்டுமாடு என்றால் நிதானமாக, இடைவெளி விட்டு விட்டுக் குரைப்பான், கிட்டே போக மாட்டான். கரடி வந்தால் குரைப்பு நிற்காது, ஊரையே எழுப்பிவிடுவான். தெரியாத மனுஷர் என்றால் உறுமல்தான் முதலில். ஆனால் சிறுத்தை வந்தால் சத்தமே இருக்காது. கதவுக்கு வந்து, கீழ்ப்பக்கமாக, நகத்தால் மெதுவாகப் பிறாண்டுவான். திறந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வால் இரண்டு காலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். தடவிக் கொடுத்தால் விலா எலும்பு துடிப்பது கைக்குத் தெரியும். அன்று விடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க வர மாட்டான்.

செவலைக்குப் பிறாண்ட ஒரு கதவு இருக்கிறது, திறக்க ஆள் இருக்கிறது. கழுத்தில் சங்கிலியோடு கேட் பக்கத்தில் கட்டியிருக்கும் நாய்க்கு என்ன இருக்கிறது?

மணி என்று ஒரு நாய். கறுப்பு, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. வாட்ச்மேன் அண்ணனின் சம்சாரம் ரேஷன் அரிசிச் சோற்றில் கருவாட்டுத் தலையைப் போட்டுக் குழைத்து வைப்பார், அவர்களுடைய சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து முள் பொறுக்கிக் கொடுப்பாள். பகலெல்லாம் அந்தப் பெண்ணோடுதான் சுற்றுவான். சாயங்காலமானால் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிவிட வேண்டும், அது வீட்டுக்காரர் உத்தரவு. ஒரு நாள் அண்ணன் அவனை அவிழ்த்துத் தன் அறைக்குள் படுக்க வைத்திருக்கிறார், கேமராவில் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து போன் வந்தது, "நாய் எங்கே, எதுக்கு வாங்கிக் கொடுத்திருக்கு?" என்று. மறுநாளிலிருந்து திரும்பவும் கேட்டில். ஒரு டிசம்பர் ராத்திரி சிறுத்தை வந்தது. காலையில் பார்த்தால் சங்கிலியும் பெல்ட்டும்தான் கிடந்தன.

கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்த வீடியோ மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது, கீழேயிருந்து எத்தனையோ பேர் "செம க்ளியர்" என்று போட்டிருந்தார்கள். மணி இரண்டு தடவை ஓடப் பார்க்கிறான், இரண்டு தடவையும் சங்கிலி இழுத்து நிறுத்துகிறது. அதைத்தான் ஊரே பார்த்தது. அந்தச் சின்னப் பெண் ஒரு வாரம் சோற்றில் மீன் வைத்தால் தொடவில்லை. அதே மாதத்தில் அந்த வீட்டுக்கு இன்னொரு குட்டி வந்தது, அதே சங்கிலியில்.

சிறுத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. இது அதற்கும் ஊர்தான். கருஞ்சிறுத்தைகூட இந்தப் பக்கம் நடமாடுகிறது, நீங்களும் வீடியோ பார்த்திருப்பீர்கள். தேயிலைச் செடிக்கு நடுவில் பகலெல்லாம் படுத்திருந்துவிட்டு இருட்டினால் வருகிறது. மகாராஷ்டிரத்தில் அகோலே பக்கம், கரும்புக் காட்டை ஒட்டிய ஊர்களில் திரியும் சிறுத்தைகளின் எச்சத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய், 15 சதவீதம் பூனை, ஆடெல்லாம் அதற்கும் கீழே. அதாவது ஊர்ப்பக்கம் வரும் சிறுத்தைக்கு நாய்தான் முதல் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை நாமே தினமும் ஒரே இடத்தில், ஓட முடியாமல் கட்டி வைத்தால் அது திரும்பத் திரும்ப அதே கேட்டுக்குத்தான் வரும். அந்தக் கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடிந்தும் விடியாமலும் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். காவலுக்கு என்று நீங்கள் கட்டுகிற நாய் யாரையும் காப்பதில்லை, சிறுத்தையை வாசலுக்குப் பழக்குகிறது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், ரொம்ப நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது, எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க ஓட விடாமல் வைத்திருப்பது, சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்கும்படி கைவிட்டுப் போவது எல்லாமே குற்றம் என்று இருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. இந்தத் தொகையை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் போலீஸுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என்ன செய்யலாம் என்றால், வீட்டுக்குள் விட மனசிருந்தால் அதுதான் நல்லது, சமையல்கட்டு ஓரமோ ஸ்டோர் ரூமோ போதும். மேட் வீணாகும், முடி கொட்டும் என்று யோசித்தால் வீட்டுச் சுவரை ஒட்டிக் கூண்டு ஒன்று செய்யுங்கள். நான்கு பக்கமும் கம்பி, மேலேயும் கம்பி, அதற்கு மேல் தகரம், தாழ்ப்பாள் வெளியே. மேல்பக்கம் திறந்திருக்கிற கூண்டு கூண்டே இல்லை, சிறுத்தைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டில்லை. தரையில் ஒரு பலகை போட்டு மேலே பழைய சாக்கு, டிசம்பர், ஜனவரியில் காலை நேரத்தில் புல்லில் கால் வைக்க முடியாத குளிர். உள்ளே சங்கிலி வேண்டாம். கூண்டுக்குள் இருந்துகொண்டே நன்றாகக் குரைப்பான், காவலுக்கு அது போதும். அப்புறம், விருந்தாளிகள் சாப்பிட்டு மீந்த பிரியாணியையும் கறி எலும்பையும் பின்பக்கம் சரிவில் கொட்டச் சொல்லாதீர்கள், அதற்குத்தான் தெருநாயும் பன்றியும் கரடியும் வருகின்றன, அதுகளுக்குப் பின்னால் சிறுத்தையும் வருகிறது.

தடுப்பூசியை மறக்காதீர்கள், குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். நாய்க்கடி மருந்துக்காகவே குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இல் தொடங்கியது, எங்கள் பெரியவர்கள் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்ட கதையை இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அந்த நோய் வந்துவிட்டால் மனுஷரும் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள்தான் உங்கள் நாயோடு கட்டிப் புரள்கிறார்கள், அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சீசனில் வரும் விருந்தாளிகள் பாசத்தில் ஹோம்மேட் சாக்லேட்டை உடைத்து உடைத்து நாய்க்குப் போடுகிறார்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாய் உடம்பில் சீக்கிரம் கரையாது, வாந்தி, நடுக்கம், நெஞ்சு படபடப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும், டார்க் சாக்லேட் இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும் உலர்திராட்சையும் ஆகாது, கிட்னியைக் கெடுத்துவிடும். வீட்டில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் போதும். ஆசையாக ஏதாவது கொடுக்க வேண்டுமா, உப்புப் போடாமல் வேகவைத்த கோழியும் சோறும் கொடுங்கள், சீசர் உங்களை மறக்கவே மாட்டான்.

வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றால், வாங்குபவரிடம் சாவியோடு சேர்த்து நாயையும் தள்ளிவிடாதீர்கள். முதலில் வாட்ச்மேன் குடும்பத்தைக் கேளுங்கள். பல வீட்டில் அதுதான் அந்த நாய்க்குக் குடும்பம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள், இந்தத் தெருவில் ஒரு நாய்க்கு இடம் கிடைக்காமல் போகாது.

கூண்டுக்குப் பெரிய செலவு இல்லை. டவுனில் எந்த வெல்டிங் கடையிலும் செய்து கொடுப்பார்கள். நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வாட்ச்மேனுக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, இன்று ராத்திரியிலிருந்து நாயை உள்ளே படுக்க வைக்கலாம், கேமராவில் பார்த்து நான் ஏதும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பார், டேப்போடு வருவார்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி,
கோத்தகிரி