எம்மா ஊதாரி என்றால் லெரோ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீண்செலவைக் குறிக்கும் 'காஸ்பியாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல் அந்த நாட்டு நாவல்களில் எப்படிப் புழங்குகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொல்லாராய்ச்சியில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் நடுவில், துணி ஆசையால் ஒரு நல்ல மருத்துவரின் குடும்பத்தை அழித்த ஊதாரி எம்மா போவரி என்று ஒரு வரி வருகிறது. ஃப்ளோபேரின் 'மதாம் போவரி' நாவலைக் கட்டுரையாளர் படித்திருப்பார் என்றே நம்புகிறேன். படித்தவருக்கு லெரோ என்ற பெயர் ஓரிடத்தில்கூடவா நினைவுக்கு வரவில்லை?

நான் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு இலக்கியம் தெரியுமா என்பது உங்கள் சந்தேகமாக இருக்கலாம். புரோநோட்டு தெரியும்.

லெரோ துணி வியாபாரி. சால்வைகளை வீடு தேடிக் கொண்டுவந்து விரித்துக் காட்டுகிறான். வேண்டாம் என்கிறாள் எம்மா. பணம் பிறகு தரலாம், கைமாற்று வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்கலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கிளைக்கு எதிரிலேயே வேறு பெயரில் கடை வைத்திருந்தான். அப்புறம் அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது, ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பணத்துக்கு நெருக்குகிறான். ஆறு மாதத் தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடுவது யார்? அந்த நல்ல மருத்துவர்தான், எம்மாவின் கணவர் ஷார்ல். போட்ட கையோடு அதே லெரோவிடம் இன்னும் 1,000 பிராங்க் கடன் கேட்கிறார். ஆறு சதவீத வட்டி, அதற்கு மேல் கமிஷன். மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. கட்டுரையாளருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

'நல்ல மருத்துவர்' என்ற பட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். வளைந்த பாதத்தை நிமிர்த்துகிறேன் என்று ஒரு குதிரைலாயப் பையனின் காலையே போக்கியவர் ஷார்ல். அவனுக்குக் கட்டைக்கால் வாங்க 300 பிராங்க். அந்த ஆர்டரும் லெரோ கைக்குத்தான் போயிற்று. இது எந்தக் கணக்கில் வரும்?

அதன் பிறகு நடப்பதை எங்கள் பிரிவில் கடைநிலை ஊழியர்கூடச் சொல்லிவிடுவார். கணவரிடம் பவர் எழுதி வாங்கு என்று எம்மாவுக்கு யோசனை சொல்வது, பழைய சீட்டுக்குப் பதில் புதுச் சீட்டு, யாருக்கும் மாற்றிவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அந்தச் சீட்டை ருவான் நகரத்து வட்டிக்காரர் கையில் சேர்ப்பது. வழக்கு அந்த வட்டிக்காரர் பெயரில் வரும், லெரோ கையை விரிப்பான். கடைசியில் 8,000 பிராங்குக்கு ஜப்தி.

ஜப்திக் காட்சியை ஃப்ளோபேர் எழுதியிருக்கும் அழகை எந்தக் கட்டுரையாளரும் கண்டுகொள்வதில்லை. மருத்துவரின் அறையில் இருந்த மண்டையோட்டு மாதிரியைத் தொழில் கருவி என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள். சமையலறைக்குப் போய்த் தட்டு, சட்டி, நாற்காலி எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். நானும் அமீனாவோடு போயிருக்கிறேன். ஒரு வீட்டில் தையல் மிஷின் தொழில் கருவியா இல்லையா என்று வாசலிலேயே அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, மிஷின் மேல் கிடந்த பாதி தைத்த ஜாக்கெட்டை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடன் வாங்கியது அவருடைய கணவர். தெருவில் ஊதாரி என்று பேர் வாங்கியது யார் என்று நான் எழுதவும் வேண்டுமா?

எம்மா செத்த பிறகு லெரோ தவறாமல் அடக்கத்துக்கு வருகிறான். பாவம், எவ்வளவு நல்ல அம்மா, சனிக்கிழமைகூடக் கடைக்கு வந்தாரே என்று அங்கலாய்க்கிறான். ஷார்லும் போன பிறகு எல்லாவற்றையும் விற்றதில் மிஞ்சியது 12 பிராங்க் 75 சாந்தீம். மகள் பெர்த் பஞ்சாலை வேலைக்குப் போகிறாள். 1857-ல் இந்த நாவல் மேல் அரசாங்கம் வழக்குப் போட்டபோதும் ஒழுக்கமும் மதமும் கெட்டுப்போயிற்று என்றுதான் குற்றச்சாட்டு. வட்டியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உங்களுக்கும் இல்லை.

ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்குக்கு நீங்கள் போட்ட சிறப்பிதழ் நினைவிருக்கும். அச்சகத் தொழிலில் இறங்கி 1828-ல் மூழ்கி வாழ்நாள் முழுக்கக் கடன்காரர்களுக்கு ஒளிந்து திரிந்தவரை 'கடனிலும் கம்பீரம்' என்று தலைப்புப் போட்டுக் கொண்டாடினீர்கள். டர்க்வாய்ஸ் கல் பதித்த அவருடைய கைத்தடிக்குத் தனிப்படம் வேறு. அவர் வாங்கினால் கம்பீரம், எம்மா காதலனுக்கு ஒரு சவுக்கு வாங்கினால் ஊதாரித்தனம். அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். 'இதழ் நன்றாக இருந்தது' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள், மிக்க நன்றி.

இப்போது நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டிச் செய்தியில் எம்மா நகை வாங்கிக் கடன்பட்டதாக அச்சிட்டிருக்கிறீர்கள். இரவல் அட்டிகையைத் தொலைத்துவிட்டு 36,000 பிராங்குக்கு வைரத்தில் வேறு வாங்கிப் பத்து வருடம் கடன் அடைத்தவள் மாப்பசான் கதையில் வரும் மத்தில்த். அவள் வேறு, இவள் வேறு. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். அதில் லெரோவின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். இடம் இல்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம், என்னுடையது மீனம், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்களில் ஒருத்தி,
கும்பகோணம்